சிறு நகரத்தில் ஊடக வேலை: ஆஃபர் கடிதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை

பெருநகர ஊடக அலுவலகத்தில் ஒருவர் செய்தி எழுதுவார், இன்னொருவர் கேமரா பிடிப்பார், மூன்றாமவர் எடிட் செய்வார், நான்காமவர் அதைச் சமூக வலைத்தளங்களில் ஏற்றுவார். சிறு நகர அலுவலகத்தில் இந்த நால்வரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். வாடகை குறையும், அலுவலகம் பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அங்கே போய்ச் சில மாதங்களிலேயே திரும்பிவிட நினைப்பவர்களை அலுக்கவைப்பது வேறு மூன்று: எழுத்தில் வராத வேலைப்பளு, வீடியோவை ஏற்ற முடியாத இணையம், யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் நடுவிலேயே குடியிருக்க வேண்டிய நிலை. மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிட முடியும்.

1. வேலையை எண்ணிப் பாருங்கள்

சம்பளத்தைப் பேசுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். அந்த நிறுவனம் அந்த நகரத்திலிருந்து கடந்த 14 நாட்களில் வெளியிட்ட எல்லாவற்றையும் எடுத்து ஒரு தாளில் குறியுங்கள். மொத்தம் எத்தனை செய்தி, எத்தனை வீடியோ? அவற்றில் செய்தி முகமை தந்ததை அப்படியே போட்டது எத்தனை, பத்திரிகைக் குறிப்பை மாற்றி எழுதியது எத்தனை, நேரில் போய் எடுத்தது எத்தனை? யார் பெயர் எத்தனை முறை வருகிறது?

ஒரே பெயர் நாளுக்கு நான்கைந்து செய்திகளில் வந்தால், அந்த மேசையில் இருப்பவருக்கு வெளியே போக நேரமில்லை என்று பொருள். நேர்காணலில் "களச் செய்திகளுக்குத்தான் முக்கியத்துவம்" என்று சொல்லியிருப்பார்கள். தாளில் இருக்கும் எண்ணிக்கையை நம்புங்கள். ஒரு மாதத்துக்கு முன் அடிக்கடி வந்த பெயர் இப்போது காணாமல் போயிருந்தால், நீங்கள் அவர் இடத்துக்குத்தான் போகிறீர்கள். முடிந்தால் அவரிடமே பேசுங்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்பதைவிட, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று கேட்டால் உண்மை வரும்.

விளம்பரங்களையும் இதே போல எண்ணுங்கள். சிறு நகரப் பதிப்பில் வருமானத்தின் பெரும்பகுதி மூன்று நான்கு விளம்பரதாரர்களிடமிருந்து வருவது சகஜம். அவர்கள் யார், உரிமையாளருக்கு வேறு என்ன தொழில், அந்தத் தொழில்கள் பற்றி நிறுவனம் கடைசியாக எப்போது விமர்சனமாக எழுதியது என்று தேடிப் பாருங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு தகவல். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகக் கூடாது என்பதில்லை, எந்த எல்லைக்குள் வேலை செய்யப்போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

பிறகு ஆசிரியரிடமோ மனிதவளப் பிரிவிடமோ மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் மின்னஞ்சலிலேயே வர வேண்டும்.

- நாளுக்கு எத்தனை செய்தி, வாரத்துக்கு எத்தனை வீடியோ எதிர்பார்க்கிறீர்கள்?
- அந்த அலுவலகத்தில் மொத்தம் எத்தனை பேர்? நான் விடுப்பில் இருந்தால் என் வேலையை யார் பார்ப்பார்?
- எத்தனை கிலோமீட்டர் சுற்றளவு என் பொறுப்பு? வண்டி யாருடையது, எரிபொருள் செலவு எப்படிக் கிடைக்கும்?
- கேமரா, மைக், லேப்டாப் யார் தருவது? என் சொந்தக் கருவி வேலையில் உடைந்தால் யார் பொறுப்பு?
- செய்திக்காக என்மீது வழக்கு வந்தால் வழக்கறிஞர் செலவை நிறுவனம் ஏற்குமா? நான் வேலையை விட்ட பிறகு வழக்கு வந்தாலும் ஏற்குமா?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்குத் தயக்கம். அவதூறு வழக்குகள் செய்தி வெளியாகி மாதங்கள் கழித்தும் வரும், அதற்குள் நீங்கள் வேறு நிறுவனத்தில் இருப்பீர்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2. சம்பளத்தை மிச்சத்தில் கணக்குப் போடுங்கள்

வாடகை பாதியாகிறது என்பதால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும். ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். இப்போது கையில் வருவது 100 என்று வையுங்கள். வாடகை 35, போக்குவரத்து 8. உணவு, போன், காப்பீடு, கடன் தவணை எல்லாம் சேர்த்து 40. மிச்சம் 17.

புதிய இடத்தில் கையில் வருவது 85. வாடகை 18, ஏறக்குறையப் பாதி. ஆனால் பொதுப் போக்குவரத்து போதாது, சொந்த வண்டி வேண்டும், அதற்கு 12. குடும்பத்தையும் நண்பர்களையும் பார்க்கப் போய்வர மாதம் 6. அந்த 40 அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் போன் கட்டணமும் கடன் தவணையும் ஊர் பார்த்துக் குறைவதில்லை. மிச்சம் 9. வாடகை பாதியாகியும் சேமிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. பழைய 17 மிச்சமாக வேண்டும் என்றால் கையில் 93 வர வேண்டும். பேச்சுவார்த்தையில் நீங்கள் கேட்க வேண்டிய எண் அதுதான். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை செய்யுங்கள். விடை சில நேரம் எதிர்ப்பக்கமும் வரும், குறிப்பாக இப்போதைய வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தால்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வரி சேரும்: வாழ்க்கைத் துணையின் வருமானம். அங்கே அவருக்கு வேலை கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். முன்னாடியே கிடைத்தால் லாபம். பள்ளி செல்லும் குழந்தைகள் இருந்தால் கல்வியாண்டு முடியும்வரை நீங்கள் மட்டும் போய் ஒரு அறையில் தங்குவது பல நேரம் மலிவு, அமைதியும்கூட.

ஒருமுறைச் செலவு தனி. முன்பணம், தரகு, லாரி, ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் வாடகை, சில நாள் விடுதி, வண்டி, இணைய இணைப்பு. இதற்குக் குறைந்தது இரண்டு மாதக் கைச் சம்பளத்தை ஒதுக்கி வையுங்கள். நிறுவனம் இடமாற்றச் செலவு தருவதாகச் சொன்னால் நான்கு விஷயம் கேளுங்கள்: மொத்தத் தொகையா, ரசீது காட்டி வாங்குவதா? எப்போது கைக்கு வரும்? வரி பிடிப்பார்களா? ஓராண்டுக்குள் விலகினால் முழுவதையும் திருப்பிக் கேட்பார்களா, இருந்த மாதங்களுக்கேற்பக் குறைப்பார்களா? ரசீது காட்டி வாங்கும் பணம் ஒன்றிரண்டு சம்பளச் சுற்று கழித்துத்தான் வரும். அதுவரை உங்கள் பணம்தான் ஓட வேண்டும்.

3. ஒப்பந்தத்தில் நின்று படிக்க வேண்டிய இடங்கள்

போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற விதியைப் பெருநகரத்தில் பலர் கண்டுகொள்வதில்லை. அங்கே போட்டியாளர்கள் இருபது பேர் இருப்பார்கள், யாரும் துரத்துவதில்லை. சிறு நகரத்தில் இருப்பதே இரண்டு நிறுவனம் என்றால், அந்த விதிக்கு "வேலையை விட்டால் ஊரையும் விடு" என்று பொருள். ஆறு மாதத்துக்கு மேல் நீளும் தடையாக இருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். அல்லது ஒரே வகை ஊடகத்துக்கு மட்டும் என்று சுருக்கச் சொல்லுங்கள்.

குறைந்தபட்சக் காலத்துக்கு முன் விலகினால் அபராதம் என்ற விதி இருந்தால், தொகையையும் அது மாதாமாதம் குறைகிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் தொலைக்காட்சிச் சந்தைகளை, பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனம் 210 ஆகப் பிரித்து வரிசைப்படுத்தியிருக்கிறது. சிறிய சந்தையில் தொடங்கிப் பெரியதுக்கு ஏறுவது அங்கே செய்தியாளர்களின் வழக்கமான பாதை. அதனால் பெரிய சந்தையில் வாய்ப்பு வந்தால் முன்னதாகவே விலகலாம் என்ற விதியைக் கேட்டு வாங்குகிறவர்கள் அங்கே உண்டு. எந்த நாட்டிலும் கேட்டுப் பார்க்கத் தகுந்த விதி அது. கேட்பதற்கான நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

சமூக வலைத்தளக் கணக்குகளில் தகராறு வருவது இப்போது அதிகம். வேலைக்காகத் தொடங்கும் கணக்கு யாருடையது, நீங்கள் போகும்போது அதைப் பின்தொடர்வோர் யாருடன் போவார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே யூடியூப் சேனலோ பாட்காஸ்ட்டோ இருந்தால், அதன் பெயர், முகவரி, தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, அது உங்கள் சொந்தச் சொத்து, தொடர அனுமதி உண்டு என்று ஒரு வரி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி, அதைத் தந்த ஆசிரியர் மாறும் நாள்வரைதான்.

தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்பதை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம், பதினோரு மாதம் காலி செய்ய முடியாத வீடு என்றால் கணக்கு இடிக்கும். வேலை நிலைக்காவிட்டாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

4. பழைய இடத்திலிருந்து கிளம்புதல்

இரு தரப்பும் கையெழுத்திட்ட கடிதம் கையில் வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு நோட்டீஸ் காலத்தில் மூன்று வேலை உண்டு.

முதலாவது, உங்கள் படைப்புகளைச் சேமிப்பது. இணையதளம் மாறும்போது பழைய இணைப்புகள் செத்துப்போவது ஊடகத்தில் வாடிக்கை. சிறந்த முப்பது நாற்பது படைப்புகளைத் தேதியும் பெயரும் தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், அவற்றின் முகவரிகளை, இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினிலும் பதிவு செய்யுங்கள். வெளிவராத செய்திகள், ரகசிய ஆவணங்கள், நிறுவனத்தின் மூலக் காட்சிகள் உங்களுடையவை அல்ல, எடுக்காதீர்கள்.

இரண்டாவது, அலுவலக மின்னஞ்சலில் பதிவு செய்த கணக்குகளையெல்லாம் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுவது. கடைசி நாள் மாலை அந்த மின்னஞ்சல் மூடப்படும்போது, கடவுச்சொல்லை மீட்கும் வழியும் சேர்ந்து மூடப்படும். போன் எண்ணை மாற்றும் எண்ணம் இருந்தால் பழைய எண்ணைக் குறைந்தது ஆறு மாதம் உயிரோடு வைத்திருங்கள். வங்கியும் இரட்டைச் சரிபார்ப்பும் அந்த எண்ணைத்தான் தேடும், பழைய செய்தித் தொடர்புகளும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது, ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசிச் சம்பளக் கணக்கு. ஊர் மாறிய பிறகு இவற்றுக்காக அலைவது பெரும் தொல்லை.

5. ஊரைப் பார்க்கப் போகும் பயணம்

படங்களை மட்டும் பார்த்து வீடு பிடிக்காதீர்கள். ஒரு வேலைநாளும் ஒரு விடுமுறை நாளும் சேர்ந்து வரும்படி இரண்டு மூன்று நாள் போய்த் தங்குங்கள். உங்கள் ஷிஃப்ட் இரவு பதினொன்றுக்கு முடியும் என்றால், அந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து வீடு இருக்கும் தெருவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் கலகலப்பாக இருக்கும் பல சாலைகள் இரவு ஒன்பதுக்கு மேல் வெறிச்சோடிவிடும், வாகனமும் கிடைக்காது. உங்கள் ஷிஃப்ட்டின் சாப்பாட்டு நேரத்தில் கடை திறந்திருக்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டு உரிமையாளர் யார் என்று விசாரிப்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள கூடுதல் வேலை. அவர் உள்ளாட்சி உறுப்பினரோ, அரசு ஒப்பந்ததாரரோ, கட்சிப் பொறுப்பாளரோ, பெரிய விளம்பரதாரரோ ஆக இருந்தால் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். "பத்திரிகைக்காரர் என்றால் வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால், அந்தக் குறைப்பை வாங்காதீர்கள். அதை அவர் என்றாவது ஒருநாள் நினைவுபடுத்துவார். அக்கம்பக்கத்து வாடகையையே வங்கி வழியாகக் கொடுத்து, பதிவை வைத்திருங்கள்.

முதலில் மூன்று மாதம் குடியேறிப் பார்த்து முடிவு செய்யும்படி சிறிய இடம் பிடிப்பது நல்லது. நிரந்தர வீட்டை ஊர் பழகிய பிறகு தேடினால் தரகர் சொல்லாத வீடுகளெல்லாம் கண்ணில் படும்.

6. வீட்டுக்குள் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

இணையம். நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவது பதிவிறக்க வேகம். உங்களுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். பல இணைப்புகளில் பின்னது முன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கணக்கு எளிது: கோப்பின் அளவை மெகாபைட்டில் எடுத்து 8-ஆல் பெருக்கி, எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்) உள்ள பதிவேற்ற வேகத்தால் வகுத்தால் விநாடிகள் கிடைக்கும். எடிட் செய்து முடித்த மூன்று நிமிட ஃபுல் ஹெச்டி வீடியோ, 10 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் (ஒரு விநாடிக் காட்சிக்குப் பிடிக்கும் தரவின் அளவு) சுமார் 225 மெகாபைட். 5 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் ஆறு நிமிடத்தில் போய்விடும், 1 எம்பிபிஎஸ் என்றால் அரை மணி நேரம். எடிட் செய்யாத காட்சிகளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றால் கதையே வேறு. 50 எம்பிபிஎஸ்ஸில் பிடித்த 20 நிமிடக் காட்சி 7.5 ஜிபி வரும், 10 எம்பிபிஎஸ் பதிவேற்றத்திலும் 100 நிமிடம் ஆகும். அதுவும் இணைப்பு முழு வேகத்தில் நின்றால். நடைமுறையில் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள்.

அந்த வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள இணைப்பில் காலை, மதியம், இரவு எட்டிலிருந்து பத்துக்குள் என்று மூன்று முறை வேகம் பாருங்கள். இரவு எண்தான் உண்மையான எண், எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும் நேரம் அது. நேரலை செய்யும் வேலை என்றால் ஒளிபரப்பின் பிட்ரேட்டைப் போல இரண்டு மடங்கு பதிவேற்றம் சீராக இருக்க வேண்டும்: 5 எம்பிபிஎஸ் நேரலைக்கு 10. மொபைல் சிக்னலைப் பால்கனியில் பார்க்காதீர்கள், வேலை செய்யப்போகும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள். இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் கையில் இருக்கட்டும். மின்வெட்டு எப்போது, எவ்வளவு நேரம் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ரவுட்டர் சுமார் 12 வாட்தான் எடுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று அதை ஐந்து மணி நேரம் ஓட்டும். மின்வெட்டில் லேப்டாப்பில் சார்ஜ் இருந்தும் ரவுட்டர் அணைந்துபோனால் செய்தி தாமதமாகும், ஆகவே இந்தச் சின்ன பேட்டரி பெரிய இன்வெர்ட்டருக்கு முன் வாங்க வேண்டியது.

ஒலி. வீட்டிலிருந்து குரல் பதிவு செய்ய வேண்டியிருந்தால், காலி அறையில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். உலோகத் தகட்டில் தட்டியது போலச் சத்தம் சிலிர்த்து நின்றால், அறையின் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்புகிறது. துணி அலமாரி, கனத்த திரை, மெத்தை உள்ளே வந்தால் குறையும். பிறகு வேலைக்கு எடுத்துப்போகும் அதே மைக்கில், பேசும் அளவுக்கே ஒலியை வைத்து 30 விநாடி மௌனத்தைப் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். பதிவு மென்பொருளின் ஒலி அளவுகாட்டியில் இரைச்சல் −60 டெசிபலுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. −45-ஐ ஒட்டி நின்றால் தண்ணீர் மோட்டாரோ, சாலையோ, ஃப்ரிட்ஜோ உள்ளே வருகிறது. மோட்டாருக்கு நேரம் தெரிந்தால் சமாளிக்கலாம், சாலைக்கு வழியில்லை. வேறு அறையைப் பாருங்கள்.

7. கருவிகளைக் கட்டுவது

வீட்டுச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புத்தகங்களைச் சிறிய பெட்டியில், 15 கிலோவுக்கு மேல் போகாமல் வையுங்கள். பகிர்வு லாரியில் அனுப்பினால் சொன்ன தேதிக்கு வராது என்று வைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கையோடு கொண்டுபோங்கள். வேலையில் சேருவதற்கு ஐந்து நாள் முன்பாவது போய்ச் சேருங்கள்.

கருவிகள்தான் கவனம் கேட்பவை. லாரியில் கேமரா, லென்ஸ், ஹார்டு டிஸ்க் எதுவும் போகக் கூடாது. நஷ்டஈட்டைப் பொருளின் எடைக்கு ஏற்பத் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. அரைக் கிலோ லென்ஸுக்கு அந்தக் கணக்கில் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றின் வரிசை எண்ணையும் படமெடுத்து, மதிப்புடன் பட்டியலிட்டு, தனிக் காப்பீடு எடுங்கள்.

விமானத்தில் போகிறீர்கள் என்றால் லித்தியம் பேட்டரி விதியை நினைவில் வையுங்கள். உதிரி பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே, செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணிவரை அனுமதி உண்டு. 100 முதல் 160வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியுடன் உதிரி இரண்டு மட்டும். 160-க்கு மேல் பயணியாகக் கொண்டுபோக முடியாது. வாட்-மணி பேட்டரியில் அச்சிடப்படாவிட்டால் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 98. வீடியோ கேமராக்களுக்கான பெரிய பேட்டரிகள் பல 98 வாட்-மணியில் வருவது இந்த விதிக்காகத்தான். முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனி உறையில் போடுங்கள்.

சுழலும் ஹார்டு டிஸ்க்குகள் இடிபட்டால் போய்விடும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி அந்தளவுக்கு அஞ்சாது. எதுவானாலும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய, நம்பகமான விதி. இடம் மாறும் வாரத்தில் மூன்று பிரதியும் ஒரே வண்டியில் போனால் அது ஒரு பிரதிதான். கிளவுடில் ஏற்றுவதைப் பழைய ஊரின் வேகமான இணையத்திலேயே முடித்துவிடுங்கள். தகவல் தந்தவர்களின் பெயர்கள் உள்ள டிஸ்க்கை, கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் செய்யுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், இரண்டும் இல்லாவிட்டால் வெராகிரிப்ட்.

8. முதல் இரண்டு மாதம்

போவதற்கு முன்பே அந்த நகரத்தின் மூன்று மாதச் செய்திகளைப் படித்து ஒரு பட்டியல் போடுங்கள்: யார் எந்தப் பொறுப்பில், என்னென்ன தகராறுகள் முடியாமல் கிடக்கின்றன, எந்த வழக்கு எந்த நிலையில். இடப்பெயர்களை உள்ளூர்க்காரர் ஒருவரைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வானொலியிலோ வீடியோவிலோ ஒரு தெருப் பெயரைத் தப்பாகச் சொன்னால் "இவர் வெளியூர்" என்ற முத்திரை விழும், அது போக மாதங்கள் ஆகும்.

சேர்ந்ததும் வாரத்துக்கு ஐந்து புதிய அறிமுகம் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் நாற்பது பேர். பதவியில் இருப்பவர்களை எல்லோரும் சந்திப்பார்கள், அவர்கள் பேச மாட்டார்கள். நீதிமன்ற எழுத்தர், மருத்துவமனை அவசரப் பிரிவு செவிலியர், தீயணைப்பு நிலையக் கட்டுப்பாட்டு அறை, பதிவு அலுவலக ஊழியர், பேருந்துத் தொழிலாளர், சந்தை வியாபாரி, பள்ளி ஆசிரியர் என்று பிடியுங்கள். முதல் சந்திப்பில் செய்தி கேட்காதீர்கள். "இந்த ஊரைப் பற்றிச் செய்திகளில் எது எப்போதும் தப்பாக வருகிறது?" என்று கேளுங்கள். எல்லோரிடமும் இதற்குப் பதில் இருக்கும், உங்களின் முதல் நல்ல செய்தி பெரும்பாலும் அந்தப் பதில்களில் ஒன்றிலிருந்து வரும்.

முன்பு இருந்தவரின் தொடர்புப் பட்டியல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு பெயரையும் புதிதாகச் சோதியுங்கள். அவருக்கு நண்பராக இருந்தவர் ஒரு தரப்பின் ஆளாக இருக்கலாம். அவரோடு சண்டை போட்டவர் உங்களிடம் முகம் திருப்பலாம். அப்படி முகம் திருப்புகிறவரை நேரில் போய்ப் பார்த்துக் குறையைக் கேட்டுவிட்டால் பாதி கோபம் அங்கேயே தீரும். வந்த முதல் மாதமே "தூங்கும் நகரம்", "வசதியில்லாத நகரம்" என்ற வகைக் கட்டுரைகளை மட்டும் எழுதிவிடாதீர்கள். ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்த விஷயம், நீங்கள் யார் என்பதுதான் இன்னும் தெரியாது.

9. நெருக்கத்தோடு வேலை செய்வது

காலையில் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரை மாலையில் காய்கறிக் கடையில் பார்ப்பீர்கள். அதைத் தவிர்க்க முடியாது, பழகிக்கொள்ள வேண்டும். விமர்சனமாக எழுதும் ஒவ்வொருவரிடமும் வெளியாகும் முன் பதில் கேட்டிருந்தால், கடையில் அவர் கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லலாம். கேட்காமல் எழுதியிருந்தால் தெரு மாறிப் போக வேண்டியிருக்கும். பிழை விட்டால் திருத்தத்தை வெளியிடுவதோடு, சம்பந்தப்பட்டவருக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

பரிசு, விருந்து, இலவசப் பயணம் பற்றிய நிறுவனத்தின் விதியை முதல் வாரமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறுக்கும்போது "எனக்கு வேண்டாம்" என்பதைவிட "அலுவலக விதி" என்பது எளிது, யாரும் புண்பட மாட்டார்கள்.

வீட்டு முகவரி அலுவலக அடையாள அட்டையிலும் தபாலிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் அலுவலக முகவரிக்கே வரட்டும். வேலைக்குத் தனி எண். போனில் எடுக்கும் படங்களில் இருப்பிடத் தகவல் பதிவாவதை அணைத்துவையுங்கள். மிரட்டல் வந்தால் சிறியது என்று விட்டுவிடாமல் தேதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்து அன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள். பெரிய விஷயமாக மாறும் நாளில் அந்தச் சின்னக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.

10. தலைமை அலுவலகத்தோடு

பார்வை எண்ணிக்கையை வைத்து உங்களைப் பெருநகரச் செய்தியாளரோடு ஒப்பிடுவார்கள். மூன்று லட்சம் பேர் உள்ள நகரத்தில் 30,000 பார்வைகள் என்றால் மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்கு. 80 லட்சம் பேர் உள்ள நகரத்தில் அதற்கு ஈடான எண் எட்டு லட்சம். மாத அறிக்கையில் பார்வைகளோடு இந்த விகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பார்த்தவர்கள் உண்மையில் எந்த ஊர்க்காரர்கள் என்பதை அனலிட்டிக்ஸில் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரே கேள்வியில் கணக்கு கவிழும்.

தனியாக வேலை செய்பவரின் எழுத்து மெல்ல மெல்ல மழுங்கும். திருத்துவதற்கு ஆள் இல்லாததுதான் காரணம், திறமைக் குறைவு இல்லை. ஆசிரியரோடு வாரம் அரை மணி நேரம் நிலையான அழைப்பு கேட்டு வாங்குங்கள். வேறு ஊரில் இருக்கும் ஒரு சக செய்தியாளரோடு, மாதம் ஒருமுறை ஒருவர் படைப்பை மற்றவர் கிழித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாதம் சோர்வு தட்டும். புதுமை போயிருக்கும், நட்பு இன்னும் அமைந்திருக்காது. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றில், விளையாட்டோ நூலகமோ இசை வகுப்போ, முதல் மாதமே சேர்ந்திருந்தால் இந்தக் காலம் லேசாகக் கடக்கும். செய்தித் தொடர்புகளையே நண்பர்களாக்கிக்கொண்டால் இரண்டும் கெடும்.

11. ஆறாவது மாதக் கணக்கு

முதல் படியில் போட்ட தாளை எடுத்து, அதே எண்ணிக்கையை இப்போது உங்கள் பெயருக்குச் செய்யுங்கள். நேரில் போய் எடுத்தவை எத்தனை? இரண்டாம் படியின் மிச்சக் கணக்கையும் உண்மையான செலவுகளைப் போட்டு மறுபடி பாருங்கள். மின்னஞ்சலில் சொன்ன அளவைவிட வேலை கூடியிருந்தால், அந்த மின்னஞ்சலையும் புதிய எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் பேசுங்கள். ஆள் கேளுங்கள், ஆள் இல்லை என்றால் எந்த வேலையை விடலாம் என்று கேளுங்கள், இரண்டும் இல்லை என்றால் சம்பளம் கேளுங்கள். இந்த வரிசையில்தான்.

திரும்பிப் போவதற்கான லாரிச் செலவும் மூன்று மாத வீட்டுச் செலவும் சேர்ந்த தொகை தனியாக வங்கியில் இருக்க வேண்டும். அந்தப் பணம் இருப்பவர்தான் ஆசிரியரிடம் இல்லை என்று சொல்ல முடியும். மாதம் ஒருமுறை சிறந்த இரண்டு படைப்புகளைச் சேமித்து வையுங்கள். விலகும் முடிவெடுத்தால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தையும், திருப்பித் தர வேண்டிய இடமாற்றப் பணத்தையும் பாருங்கள். ஓராண்டு நிறைய மூன்று வாரம் இருக்கும்போது விலகி முழுத் தொகையையும் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.